தபால் வரும் நாள்

கடனில் மூழ்கிய கவிஞர் ஒருவர். அவருக்காகக் கடன்பட்ட பண்டிதர் ஒருவர். 19-ம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் இந்த நட்பில், கஷ்ட காலத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொள்வதன் அழகும் தெரிகிறது, அதன் விலையும் தெரிகிறது.

1864 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சாய் நகரம். குழந்தைகள் சந்தைத் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். வீட்டில் இருப்பது மொத்தம் 3 பிராங்க். மனைவி கண்ணீருடன் கணவர் முன் வந்து நிற்கிறார். இன்று தபால் வரும் நாள், நிச்சயம் நல்ல செய்தி வரும் என்கிறார் கணவர். தான் உதவி கேட்டிருப்பது சாதாரண மனிதரிடம் அல்ல. பழங்கால ரிஷியின் ஞானமும், ஆங்கிலேயரின் செயல்வேகமும், வங்காளத் தாயின் மனசும் கொண்டவரிடம் என்று தைரியம் சொல்கிறார்.

ஒரு மணி நேரத்தில் தபால் வந்தது. கூடவே 1,500 ரூபாய்.

அந்தக் கணவர் நவீன வங்கக் கவிதையின் முன்னோடி மைக்கேல் மதுசூதன் தத். பணம் அனுப்பியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். சில நாட்கள் கழித்து வித்யாசாகருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில் மதுசூதன் இந்தக் காட்சியை அப்படியே விவரித்திருக்கிறார். வங்காளத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை இது. தமிழ் வாசகர்களுக்குக் கதை புதிதாக இருக்கலாம், உணர்வு புதிதல்ல. வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் கட்டாயம் வருவார் என்று சொல்லிப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்த செய்தி புறநானூற்றில் இருக்கிறது. பிசிராந்தையாரும் வந்தார். வெர்சாயில் தபாலும் வந்தது.

ஆனால் வங்காளக் கதை அங்கே முடியவில்லை. பணம் வந்த பிறகுதான் அதன் சிக்கலான பகுதி ஆரம்பமாகிறது.

சென்னையில் 8 ஆண்டுகள்

மதுசூதன் 1824 ஜனவரி 25-ல் ஜெஸ்ஸூர் மாவட்டம் சாகர்தாரி கிராமத்தில் பிறந்தவர். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. தந்தை ராஜ்நாராயண் தத், கல்கத்தாவில் செல்வாக்கான வக்கீல். ஹிந்து கல்லூரியில் படித்த மகனுக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பெரிய கவிஞனாக வேண்டும், இங்கிலாந்து போக வேண்டும் என்ற கனவு. 1843 பிப்ரவரி 9-ல் கிறிஸ்துவரானார். அதனால் ஹிந்து கல்லூரியை விட்டு வெளியேற வேண்டி வந்தது. கொஞ்ச காலம் படிப்புச் செலவைக் கொடுத்துவந்த தந்தை பிறகு அதையும் நிறுத்தினார்.

கையில் காசில்லாமல் 1848 ஜனவரியில் அவர் வந்து இறங்கிய ஊர் சென்னை. ஆண் அநாதைக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியர் வேலை. பத்திரிகைகளிலும் எழுதினார். அவருடைய நீண்ட ஆங்கிலக் கவிதை 'தி கேப்டிவ் லேடி' 1849-ல் சென்னையில்தான் அச்சானது. அந்நாளில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தன் தினசரி அட்டவணையைக் கொடுத்திருக்கிறார். காலை ஹீப்ரூ, பிறகு பள்ளிக்கூடம், மதியம் கிரேக்கம், பிற்பகல் தெலுங்கும் சமஸ்கிருதமும், மாலை லத்தீன், இரவு ஆங்கிலம். அட்டவணையில் வங்காளி இல்லை.

அந்தக் கடிதம் போன முகவரி முக்கியமானது. கௌர்தாஸ் பசாக், ஹிந்து கல்லூரித் தோழர். மதம், ஊர், பணம் எதுவும் இந்த நட்பைக் குலைக்கவில்லை. நண்பரின் ஆங்கில நூலைக் கல்கத்தாவில் பெரிய மனிதர்களிடம் கொண்டு சேர்த்தவர் கௌர்தாஸ். அதைப் படித்த கல்வி அதிகாரி பெத்யூன், இத்தனை திறமையைத் தாய்மொழிக்குச் செலவிடலாமே என்று ஆலோசனை சொன்னார். மதுசூதனின் தந்தை 1855-ல் இறந்ததையும், சொத்தை உறவினர்கள் பங்கு போட்டுக்கொள்ளப் பார்ப்பதையும் சென்னைக்கு எழுதித் தெரிவித்தவரும் கௌர்தாஸ்தான். 1856 பிப்ரவரியில் மதுசூதன் கல்கத்தா திரும்பினார்.

அடுத்த 6 ஆண்டுகளில் அவர் செய்தது ஒரு வாழ்நாள் வேலை. போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா, பிறகு மொழிபெயர்ப்பாளர். மிச்ச நேரத்தில் நாடகங்கள், காவியங்கள். இந்திரஜித்தைத் தலைவனாக்கி எழுதிய 'மேகநாத வத காவியம்' 1861-ல் வெளியானது. கம்பனில் இந்திரஜித்தின் வீரத்தைப் படித்து வியந்தவர்கள் நாம். வங்காளத்தில் இவர் ஒருபடி மேலே போய் அவன் பக்கமே நின்று அழுதார். வங்க யாப்பில் அதுவரை எல்லோரும் கைக்கொண்ட எதுகைப் பிணைப்பை அறுத்து எறிந்தார்.

இரண்டு சமர்ப்பணங்கள்

காவியத்தைச் சமர்ப்பித்தது திகம்பர் மித்ரா என்ற செல்வந்த நண்பருக்கு. 1862-ல் வந்த 'வீராங்கனா காவியம்' வித்யாசாகருக்கு. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1862 ஜூனில் பாரிஸ்டர் படிப்புக்காக மதுசூதன் கப்பலேறினார். பரம்பரை நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அதன் வருமானத்தில் லண்டனில் தனக்கும் கல்கத்தாவில் மனைவி ஹென்ரியெட்டாவுக்கும் பணம் வர ஏற்பாடு. அதற்கு ஜாமீனாக நின்றவர் திகம்பர் மித்ரா.

கொஞ்ச நாளில் பணம் நின்றது. குத்தகைதாரர் அனுப்பவில்லை. ஜாமீன் நின்ற நண்பரிடமிருந்து பதிலும் இல்லை. கல்கத்தாவில் தாக்குப்பிடிக்க முடியாத ஹென்ரியெட்டா, 1863 மே மாதம் குழந்தைகளுடன் லண்டன் போய்ச் சேர்ந்தார். லண்டனின் விலைவாசி கட்டுப்படியாகாமல் குடும்பம் வெர்சாய்க்கு மாறியது. பாரிஸ்டர் படிப்பு பாதியில் நின்றது. கடன்காரர்கள் நெருக்கினார்கள்.

1864 ஜூன் 2-ல் மதுசூதன் வித்யாசாகருக்கு எழுதினார். ஊரில் சுமார் 4,000 ரூபாய் வரவேண்டியிருந்தும் தான் பிரெஞ்சுச் சிறைக்கும், மனைவி மக்கள் தர்ம விடுதிக்கும் போகும் நிலை என்பதைத் திறந்து சொன்னார். என்ன பாக்கி, யார் தர வேண்டும், எந்தச் சொத்தை வைத்துப் பணம் புரட்டலாம் என்பதையும் எழுதினார். சூயஸ் கால்வாய் திறப்பதற்கு 5 ஆண்டுகள் முந்தைய காலம். பதிலுக்கு ஏறத்தாழ 3 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வரும் மணியார்டருக்காகத் திண்ணையில் காத்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காத்திருப்பின் கனம் தெரியும்.

கடன் வாங்கிக் கொடுத்தவர்

மதுசூதன் கோட்டும் சூட்டுமாகத் திரிந்தவர், மது அருந்துபவர், மதம் மாறியவர். வித்யாசாகர் வேட்டியும் சாதரும் செருப்புமாக எங்கும் போய்வந்த சமஸ்கிருதப் பண்டிதர். மதுசூதனின் புது யாப்பு ஆரம்பத்தில் வித்யாசாகருக்குப் பிடிக்கவும் இல்லை. உறவு இல்லை, ஜாதி இல்லை, பழக்கவழக்கத்தில் ஒற்றுமை இல்லை. இருந்தும் கடிதம் போனது அவருக்குத்தான்.

வித்யாசாகர் பணக்காரர் என்பதால் அல்ல. சமஸ்கிருதக் கல்லூரி முதல்வராக மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் இருந்தவர், அதிகாரிகளுடன் ஒத்துப்போகாமல் 1858-ல் ராஜினாமா செய்துவிட்டார். பாடப் புத்தகங்களும் அச்சகமும்தான் வருமானம். 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வரப் போராடிய அவர், அப்படி நடந்த கல்யாணங்களின் செலவையும் தானே சுமந்து கடனாளி ஆகியிருந்தார். பிரான்சுக்குப் போன 1,500 ரூபாய் அவர் வேண்டாமென்று உதறிய உத்தியோகத்தின் 3 மாதச் சம்பளம்.

அதற்குப் பிறகும் பணம் தேவைப்பட்டது. வித்யாசாகர் தன் பெயரில் கடன் வாங்கி அனுப்பினார். கொடுத்தவர்களில் ஒருவர் ஸ்ரீஷ்சந்திர வித்யாரத்னா. 1856 டிசம்பர் 7-ல் புதிய சட்டப்படி நடந்த முதல் விதவை மறுமணத்தின் மாப்பிள்ளை அவர். கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர் வித்யாசாகர். அன்று வித்யாசாகரின் தோளில் சாய்ந்தவர் இன்று வித்யாசாகருக்குத் தோள் கொடுத்தார். வித்யாசாகர் வெர்சாயில் இருந்தவருக்குத் தோள் கொடுத்தார்.

உதவி என்றதும் ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் வாங்குகிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். தாங்கி நிற்பவரும் வேறு யார் மேலோ சாய்ந்திருக்கிறார் என்பது வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அப்பா நீட்டும் பணம் அம்மாவின் வளையலாக இருக்கும். அண்ணன் கொடுத்தது ஆபீஸ் சொசைட்டிக் கடனாக இருக்கும். கொடுப்பவர் சொல்வதில்லை. வாங்குபவரும் கேட்பதில்லை.

அந்தப் பணம் வீண் போகவில்லை. வெர்சாயில் மதுசூதன் எழுதிய 14 வரிக் கவிதைகள் 1866-ல் நூலாக வந்தன. அந்த வடிவத்தை வங்காளிக்குக் கொண்டுவந்தவர் அவர். சொந்த ஊரின் கபோதாட்ச நதியைப் பற்றியும் வித்யாசாகரைப் பற்றியும் அதில் கவிதைகள் உண்டு. விட்ட படிப்பைத் தொடர்ந்து 1866 நவம்பர் 17-ல் பாரிஸ்டர் ஆனார்.

திரும்பி வந்த பிறகு

1867 பிப்ரவரியில் மதுசூதன் கல்கத்தா திரும்பினார். மனைவி மக்கள் பிரான்சிலேயே இருந்தார்கள். வித்யாசாகர் அவருக்காக ஒரு வீட்டைத் தயார் செய்திருந்தார். பாரிஸ்டர் இறங்கியதோ நகரின் ஆடம்பரமான ஸ்பென்சஸ் ஹோட்டலில். உயர் நீதிமன்றத்தில் அவரைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியபோது நற்சான்று கொடுத்தவர்களில் வித்யாசாகரும் ஒருவர். நல்ல வருமானம் வந்தது. செலவு அதைத் தாண்டியது.

இதற்கிடையே வித்யாசாகரின் கழுத்தில் கடன். கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள், வாக்குக் காப்பாற்ற முடியாத நிலையில் நிற்கிறேன் என்று அவர் மதுசூதனுக்கு எழுத வேண்டி வந்தது. கடைசியில் பரம்பரை நிலத்தை விற்றுத்தான் கடன் அடைந்தது. பணக் கணக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் வேறொரு கணக்கு பாக்கி நின்றது. கஷ்டத்தில் எல்லாவற்றையும் திறந்து சொன்னவர், வசதி வந்தபோது தனக்காகக் கஷ்டப்பட்டவரின் நிலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுசூதன் மறுபடியும் கடனில் விழுந்தார். 1872-ல் வித்யாசாகர் கையை விரித்தார். தன்னால் ஆன மட்டும் முயன்றாகிவிட்டது, இனி யார் முயன்றும் மீட்க முடியாது என்ற பொருளில் பதில் எழுதினார். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எட்டு ஆண்டுகள் ஒரு மனிதனைத் தாங்கியவர் சொன்ன 'முடியாது' அது. பதிலே எழுதாமல் வெர்சாயில் தவிக்கவிட்ட நண்பரின் மௌனத்துக்கும் இந்த 'முடியாது'வுக்கும் உள்ள தூரம் பெரியது. மௌனம் காத்திருப்பவனை ஏமாற்றும். நேராகச் சொன்ன மறுப்பு, கசந்தாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

வங்காளியில் இரண்டு சொற்கள் உண்டு. 'பிஸ்வாஸ்', 'பொர்ஷா'. ஒருவர் சொல்வது நிஜம் என்று ஏற்பது முதலாவது. அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் காலை எடுத்து வைப்பது இரண்டாவது. தமிழில் இரண்டையுமே நம்பிக்கை என்று சொல்லிவிடுகிறோம். இரண்டாவதற்கு நெருக்கமாக நம்மிடம் பற்றுக்கோடு, கொழுகொம்பு என்ற சொற்கள் இருக்கின்றன. கொடி படரக் கொம்பு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொம்பு எத்தனை பாரம் தாங்கும் என்பதைக் கொடி யோசிப்பதில்லை.

பெண்கள் சுமந்தது

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் இரண்டு பெண்கள். இருவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள்.

முதலாமவர் ரெபெக்கா. 1848 ஜூலை 31-ல் மதுசூதனை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தன. சொத்து விவகாரத்துக்காகக் கல்கத்தா போன கணவர் அவரிடம் திரும்பி வரவே இல்லை. முறையான விவாகரத்து நடந்ததாகத் தெரியவில்லை. ரெபெக்காவின் குடும்பம் யார் மேல் சாய்ந்தது? வெர்சாயில் பணம் நின்றபோது மதுசூதன் அனுபவித்த தவிப்பை அதற்கு முன்பே சென்னையில் ஒரு பெண் அனுபவித்திருக்கிறார். அவருக்குப் பதில் எழுத ஒரு வித்யாசாகர் இல்லை.

இரண்டாமவர் ஹென்ரியெட்டா. மதுசூதனோடு சென்னைப் பள்ளியில் வேலை பார்த்த ஜார்ஜ் ஒயிட்டின் மகள். 1858-ல் வீட்டை விட்டுக் கல்கத்தா வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். பணம் நின்றபோது குழந்தைகளோடு கடல் கடந்தவர், கணவர் முதலில் திரும்பியபோது பிரான்சில் குழந்தைகளோடு தனியே இருந்தவர், 1869-ல் மறுபடியும் கல்கத்தா வந்தவர் அவர்.

1873-ல் இருவரும் நோயாளிகள். ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் உத்தர்பாராவில், ஜமீன்தார் ஜெய்கிருஷ்ண முகர்ஜி 1859-ல் நிறுவிய நூலகத்தின் மாடியில் தங்க இடம் கிடைத்தது. பார்க்கப் போன கௌர்தாஸ் தன் நினைவுக் குறிப்பில் அந்தக் காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். படுக்கையில் ரத்தம் கக்கியபடி மதுசூதன். தரையில் கடும் ஜுரத்தில் ஹென்ரியெட்டா. குனிந்து விசாரித்தவரிடம் ஹென்ரியெட்டா, என்னை விடுங்கள், அவரைப் பாருங்கள் என்று முனகினார்.

ஜூன் 26-ல் ஹென்ரியெட்டா இறந்தார். அலிப்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்த மதுசூதனுக்குச் செய்தி போனது. மூன்று நாள் கழித்து, ஜூன் 29-ல் அவரும் போனார். வயது 49. சர்ச் அடக்கத்துக்கு உடனே சம்மதிக்கவில்லை. மறுநாள்தான் லோயர் சர்க்குலர் ரோடு கல்லறையில் அடக்கம் நடந்தது.

எஞ்சியவர்கள்

13 வயது மகள் சர்மிஷ்டாவுக்கு, பெற்றோர் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அவசரமாகக் கல்யாணம் ஆகியிருந்தது. இரண்டு மகன்கள் சிறுவர்கள். அவர்களுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டவர் பாரிஸ்டர் மனமோகன் கோஷ். சாகும் நண்பருக்குக் கொடுத்த வாக்கு அது. கவிஞர் கடைசியாக ஒருவர் மேல் சாய்ந்தது அப்போதுதான். அந்தத் தோள் நழுவவில்லை.

அந்த மகன்களில் ஒருவரான ஆல்பர்ட் நெப்போலியனின் வழியில் வந்தவர் கூடைப்பந்து வீராங்கனை ஜெனிஃபர் பயஸ். அவருடைய மகன் லியாண்டர் பயஸ், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு டென்னிஸ் வெண்கலம் வாங்கித் தந்தவர். லியாண்டர் பிறந்தது கல்கத்தாவில், 1973 ஜூனில். மதுசூதனும் ஹென்ரியெட்டாவும் இறந்து சரியாக 100 ஆண்டுகள். சிறுவயதில் பயிற்சிக்கு வந்து சேர்ந்த இடம் சென்னையில் இருந்த அமிர்தராஜ் டென்னிஸ் அகாடமி. கொள்ளுப்பாட்டனார் காலத்தில் ஒருவர் காப்பாற்றிய வாக்கு எத்தனை தலைமுறைக்குப் பாதை போடும் என்பதை அப்போது யாரும் கணக்கிட்டிருக்க முடியாது.

மதுசூதனின் கல்லறையில் நினைவுக்கல் எழுந்தது 1888-ல், 15 ஆண்டுகள் கழித்து. மல்லிக் பஜார் சந்திப்புக்கு அருகே, இன்று ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் ரோடு என்று பெயர் மாறிவிட்ட சாலையில் அது இருக்கிறது. வழிப்போக்கரைக் கொஞ்சம் நின்று போகச் சொல்லி அவரே எழுதிவைத்த கவிதை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வித்யாசாகர் 1891 ஜூலை 29-ல் காலமானார். பாதுர்பாகானில் அவர் 1876-ல் கட்டிய வீடு நினைவில்லமாக இருக்கிறது.

கஷ்டத்தில் கைநீட்டுவது கேவலம் என்று நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். இந்தக் கதை அப்படிச் சொல்லவில்லை. கைநீட்டியதால்தான் வங்கக் கவிதைக்கு ஒரு நூல் கிடைத்தது, ஒரு குடும்பம் சிறைக்கும் தர்ம விடுதிக்கும் போகாமல் தப்பியது. கேட்கும்போது கணக்கை ஒளிக்காமல் சொன்னதும், கேட்டவுடன் உபதேசம் செய்யாமல் கொடுத்ததும் அந்த நட்பின் பலம். தாங்குகிறவருக்கு வலிக்கிறதா என்று கேட்கத் தவறியது அதன் பலவீனம். வீட்டிலே ஒருவர் மேல் நாம் சாய்ந்திருக்கிறோம் என்றால், அவர் யார் மேல் சாய்ந்திருக்கிறார் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். 'என்னை விடுங்கள், அவரைப் பாருங்கள்' என்று சொல்பவர் பெரும்பாலும் தரையில்தான் கிடக்கிறார்.